பைக்கின் பின் டிஸ்க் பிரேக்: காலி லைனில் ஆயில் நிரப்பி ஏர் எடுக்கும் முழு வழிமுறை

பின் பிரேக்கின் ஓஸை மாற்றியவர், மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) உள்ளே போகும் ரப்பர் கிட் புதிதாகப் போட்டவர், காலிபரை (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியவர் என்று எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஊற்றியாகிவிட்டது, பெடலை மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறது, ஆனால் பெடல் தொளதொளவென்று அடிவரைக்கும் போகிறது, காலிபர் அசையவே இல்லை.

மிதிக்கும் பலத்தில் குறை எதுவும் இல்லை, லைனுக்குள் சிக்கிய ஏர் எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். முன் பிரேக்கில் டப்பா ஹேண்டில் பாரில் உயரமாக இருக்கிறது, காலிபர் கீழே இருக்கிறது, அதனால் பாதி ஏர் தானாகவே மேலே ஏறி வந்துவிடும். பின்னால் அப்படி இல்லை. மாஸ்டர் சிலிண்டர் ஃபுட்ரெஸ்ட் பக்கத்தில் தாழ்வாக இருக்கிறது, காலிபரும் ஏறக்குறைய அதே உயரம், நடுவில் ஓஸ் ஸ்விங் ஆர்ம் மேல் ஏறி வளைந்து இறங்குகிறது. ஏர் அந்த வளைவின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெடலை மிதித்தால் அது சுருங்கும், விட்டால் விரியும், இடத்தை விட்டு நகராது. ஏருக்கு மேல்நோக்கி ஒரு வழி போட்டுக் கொடுப்பதுதான் கீழே வரும் வேலை முழுவதும். அதனால்தான் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு இதில் எதுவும் பொருந்தாது.

## 1. முதலில் உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். அதற்குக் குறைந்தவற்றில் பெரும்பாலும் சிபிஎஸ் (ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு) இருக்கும். ஒற்றை சேனல் ஏபிஎஸ் என்றால் பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் லைன் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து நேராகக் காலிபருக்குப் போகும். இந்த வண்டிகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தும்.

இரட்டை சேனல் என்றால் பின் லைன் ஏபிஎஸ் யூனிட் வழியாகப் போகிறது. யூனிட்டுக்குள் ஏர் போகாதவரை 9ஆம் படியில் வரும் சாதாரண பெடல் முறையே போதும். டப்பாவை ஒரு தடவை காலியாக விட்டு ஏர் உள்ளே இழுக்கப்பட்டுவிட்டால், பல வண்டிகளில் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டி யூனிட்டை இயக்கித்தான் எடுக்க முடியும். ஓஸ் மாற்றும்போது யூனிட் பக்கத்து இணைப்பைத் திறந்தபடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சிபிஎஸ் வண்டியில் பின் பெடல் முன் பிரேக்கையும் சேர்த்து இயக்கும், அதற்கு ஏர் எடுக்கும் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

## 2. கையில் இருக்க வேண்டியவை

பிரேக் ஆயில்: டப்பா மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று ஆயிலின் தரம் அச்சடித்திருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் இதே அளவுகள் 140, 155, 180 என்று இறங்கிவிடும். சென்னைக் காற்றில் இந்த இறக்கம் நமக்கெல்லாம் பெரிய விஷயம். பெயரைப் பார்த்து ஏமாந்து டாட் 5 வாங்கிவிடாதீர்கள், அது சிலிக்கான், மற்ற மூன்றோடும் சேராது.

சீல் உடையாத பாட்டில்தான் வேண்டும். போன வருடம் பாதி ஊற்றிவிட்டு மூடி வைத்த பாட்டில் அலமாரியில் இருக்கிறது என்று பலரும் அதையே எடுத்து வருகிறார்கள். பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் ஈரம் ஏறியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. 250 மி.லி. பாட்டில் ஒன்று இந்த வேலைக்குத் தாராளம்.

சிரிஞ்சு இரண்டு: மெடிக்கல் ஷாப்பில் 50 மி.லி. ஃபீடிங் சிரிஞ்சு என்று கேளுங்கள், அதன் மூக்கு நீளமாக, டியூப் மாட்ட வசதியாக இருக்கும். ஒன்று புது ஆயிலை உள்ளே தள்ள, இன்னொன்று டப்பாவில் இருந்து உறிஞ்ச. இரண்டையும் கலந்துகொள்ளாமல் இருக்க ஒன்றில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள்.

டியூப்: மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடி நிற ஏர் டியூப், ஒரு மீட்டர். கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கும், மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு வண்ண மீன் கடை. நிப்பிளில் (ஏரை வெளியேற்றக் காலிபரில் இருக்கும் துளையுள்ள சின்ன போல்டு) ஏற மறுத்தால் முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுச் செருகுங்கள், ஆறியதும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நிறமுள்ள டியூப் வேண்டாம், குமிழி தெரியாது.

ஸ்பானர்: நிப்பிளுக்கு நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 8 மி.மீ. அதுவும் ரிங் ஸ்பானர். திறந்த வாய் ஸ்பானர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிப்பதால் நிப்பிளின் முனைகளை மழுக்கிவிடும்.

வாஷர்கள்: ஓஸைக் கழற்றியிருந்தால் ஒவ்வொரு பாஞ்சோ போல்டுக்கும் (ஓஸின் முனையைப் பிடித்திருக்கும், நடுவில் துளையுள்ள போல்டு) இரண்டு புது செம்பு அல்லது அலுமினிய வாஷர். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளிலோ புதுப்பேட்டையிலோ போல்டைக் காட்டியே வாங்கிவிடலாம். ஆனால் பழைய உதிரிகள் விற்கும் இடத்தில் காலிபரோ மாஸ்டர் சிலிண்டரோ வாங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் கப்களைப் புதிதாகப் போடாமல் மாட்டாதீர்கள்.

இவை தவிர பனியன் வேஸ்ட், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு வாளித் தண்ணீர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது பிரேக் கிளீனர், பழைய ஆயிலைப் பிடிக்க ஒரு கண்ணாடி பாட்டில்.

## 3. வண்டியை நேராக நிறுத்துங்கள்

சென்டர் ஸ்டாண்டு, இல்லையென்றால் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு. சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்கிறது, பின் டப்பா வலது பக்கம் இருக்கிறது, அளவுக் கோடு சாய்ந்து தெரியும். அதைவிட முக்கியம், ஏர் எங்கே ஏறும் என்ற கணக்கே மாறிவிடும்.

மழை நாளில் இந்த வேலை வேண்டாம். அடைமழைக் காலம் தொடங்கும் முன், அதாவது ஐப்பசிக்கு முன்பே முடித்துவிட்டால் நல்லது. மொட்டை வெயிலும் வேண்டாம், தரை நிழலாக இருக்கட்டும்.

பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும். சொட்டு விழுந்த உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும், பத்து நிமிடம் கழித்துத் துடைத்தால் பெயிண்ட்டும் சேர்ந்து வரும். சைடு பேனலைக் கழற்றித் தள்ளி வையுங்கள், ஸ்விங் ஆர்ம் மேல் ஈரத் துணி போடுங்கள், டிஸ்க்கைச் சுற்றிப் பிளாஸ்டிக் கவர் கட்டுங்கள்.

## 4. ஆயில் ஊற்றும் முன் சரி பார்க்க வேண்டியவை

பேட் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் அளவு இறங்கும். பழைய பேடோடு மேக்ஸ் கோடு வரை நிரப்பிவிட்டு அடுத்த மாதம் புது பேட் போட்டால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா பொங்கி வழியும்.

காலிபர் பிஸ்டனை முழுவதும் உள்ளே தள்ளி வையுங்கள். உள்ளே இடம் குறைந்தால் ஏர் நிற்கும் இடமும் குறையும். இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை, பிறகு காலிபருக்குள் சிக்கிய ஏரோடு அரை நாள் போராடுகிறார்கள்.

பாஞ்சோ போல்டை மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் அளவு) இறுக்குங்கள். டார்க் ரெஞ்சு இல்லாதவர் இந்த ஒரு போல்டுக்காவது தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம். குறைவாக இறுக்கினால் கசியும், அதிகமாக இறுக்கினால் அலுமினிய மரை பெயர்ந்து வந்துவிடும், அப்புறம் மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தெருவோர வேலைகளில் மாஸ்டர் சிலிண்டரைப் பெட்ரோலில் போட்டுக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் பிரேக்கின் உள்பக்கம் படக் கூடாது. அந்த ரப்பர் கப்கள் கிளைகால் ஆயிலுக்காகச் செய்யப்பட்டவை, பெட்ரோலியப் பொருள் பட்டால் ஊதிப் பருத்துவிடும். அன்றைக்கு நன்றாகத்தான் பிடிக்கும், சில நாளில் பிஸ்டன் திரும்பி வராமல் சக்கரம் இறுகும். உள்ளே கழுவப் புது பிரேக் ஆயில் மட்டுமே போதும்.

## 5. நிப்பிள் திறக்கிறதா என்று பாருங்கள்

பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் மாதிரி கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் நிப்பிள் உப்பில் பிடித்துக்கொள்வது சாதாரணம், அதுவும் மேல் ரப்பர் மூடி காணாமல் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். முதல் நாள் இரவே துருவை இளக்கும் ஸ்பிரேயை மரையின் அடியில் மட்டும் கொஞ்சம் அடித்து வையுங்கள், பேடிலோ டிஸ்க்கிலோ படாமல்.

மறுநாள் ரிங் ஸ்பானரை முழுதாக உட்கார வைத்து, முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் அசைத்துவிட்டு அப்புறம் இளக்குங்கள். நேராக இளக்கப் பார்ப்பதைவிட இப்படிச் செய்தால் துரு உடையும். நிப்பிள் நடுவில் துளையுள்ள சின்ன போல்டு, முறுக்கினால் கழுத்து அறுந்துவிடும். பலம் போட வேண்டிவருகிறது என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட்டு லேத் பட்டறைக்கோ ஒர்க் ஷாப்புக்கோ எடுத்துப் போங்கள், அறுந்த பிறகு எடுத்துப் போவதைவிடச் செலவு குறைவு.

## 6. நிப்பிள்தான் மிக உயரமான புள்ளி

பின் காலிபர் ஸ்விங் ஆர்முக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் நிப்பிள் மேல்நோக்கி இருக்கும். அடியில் தொங்கும் காலிபர்களில் நிப்பிள் பக்கவாட்டிலோ சாய்ந்தோ இருக்கலாம். அப்படி இருந்தால் ஏர் காலிபரின் உச்சி மூலையில் நிற்கும், நிப்பிள் வழியாக வெறும் ஆயில்தான் வரும். தெளிவான ஆயில் வருகிறது, குமிழியே இல்லை, ஆனாலும் பெடல் மெத்துமெத்தென்று இருக்கிறது என்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான்.

வழி எளிது. காலிபர் போல்டுகளைக் கழற்றி, ஓஸை முறுக்காமல் தூக்கி, நிப்பிள் நேராக வானத்தைப் பார்க்கும்படி கயிற்றில் கட்டுங்கள். பேட்களுக்கு நடுவில் டிஸ்க் தடிமனுக்குச் சமமான மரத் துண்டு கட்டாயம். அது இல்லாமல் யாராவது பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே தெறித்து, முதலில் இருந்து வர வேண்டியிருக்கும்.

அதே நேரத்தில் டப்பாவின் போல்டையும் கழற்றி, அதன் சின்ன ஓஸ் எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறதோ அவ்வளவு மேலே தூக்கிக் கட்டுங்கள். டப்பாவுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் அந்த ஓஸிலும் ஏர் நிற்கும். நேராகத் தொங்கவிட்டு விரலால் சுண்டினால் மேலே ஏறிவிடும்.

## 7. காலி லைனைக் கீழிருந்து நிரப்புங்கள்

இது ஏபிஎஸ் யூனிட் நடுவில் இல்லாத லைனுக்கு, அதுவும் புதிதாக மாட்டிய அல்லது சுத்தம் செய்த லைனுக்கு. பழைய ஆயில் உள்ளே இருக்கிறதென்றால் கீழிருந்து தள்ளாதீர்கள். காலிபர் அடியில் படிந்திருக்கும் கசடு மேலே ஏறி மாஸ்டர் சிலிண்டரின் நுண்ணிய துளையை அடைத்துக்கொள்ளும். டப்பாவை உறிஞ்சித் துடைத்துப் புது ஆயில் ஊற்றி, 9ஆம் படியில் சொல்லும் பெடல் முறையில் பழையதை வெளியேற்றுங்கள். இரட்டை ஏபிஎஸ்காரர்களும் 8, 9 என்று போய்விடுங்கள்.

டப்பா காலி, மூடி திறந்து. சிரிஞ்சில் 40 மி.லி. புது ஆயில் இழுங்கள். டியூபை மாட்டி, சிரிஞ்சை மூக்கு மேலே இருக்கும்படி பிடித்து, டியூப் முனையில் ஆயில் எட்டிப் பார்க்கும்வரை தள்ளுங்கள். இந்த ஒரு படியை விட்டுவிட்டால் டியூபில் இருந்த ஏரை நீங்களே உள்ளே அனுப்புகிறீர்கள்.

முதலில் ஸ்பானரை நிப்பிளில் போட்டுவிட்டு, அதன் மேல் டியூபைச் செருகுங்கள். அரைச் சுற்று திறந்து மெதுவாகத் தள்ளுங்கள், அவசரம் கூடாது. வேகமாகத் தள்ளினால் ஆயிலும் ஏரும் கலந்து நுரைக்கும், மெதுவாகப் போனால் ஆயில் அடியில் இருந்து ஏரை மேலே தள்ளிக்கொண்டே போகும். பெடலைத் தொடக் கூடாது, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகத் திரும்பிய நிலையில் இருந்தால்தான் டப்பாவுக்குப் போகும் துளை திறந்திருக்கும்.

சிறிது நேரத்தில் டப்பா அடியில் குமிழிகள் கொப்பளிக்கும், பிறகு ஆயில் ஊற்றெடுக்கும். குமிழி நின்று ஆயில் மட்டும் ஏறத் தொடங்கியதும் இன்னும் 10 மி.லி. தள்ளிவிட்டு, சிரிஞ்சை அழுத்தியபடியே நிப்பிளை மூடுங்கள். டப்பா சிறியது, கண் அதன் மேலேயே இருக்கட்டும், நிரம்பினால் இரண்டாவது சிரிஞ்சால் உறிஞ்சிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தள்ளினாலும் ஆயில் டப்பாவுக்கு வரவில்லை என்றால் பெடல் சரிசெய்யும் தண்டைப் பாருங்கள். அது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனை அழுத்திக்கொண்டு நிற்கலாம்.

## 8. மாஸ்டர் சிலிண்டரில் நிற்கும் ஏர்

கீழிருந்து நிரப்பினாலும் மாஸ்டர் சிலிண்டரின் பாஞ்சோ பக்கம் கொஞ்சம் ஏர் தங்கும், அந்த இடம் பெரும்பாலும் உச்சியில் இருப்பதால்.

டப்பாவை மேக்ஸ் கோடு வரை நிரப்பி, மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் டயாஃப்ரத்தை மேலே சும்மா வையுங்கள். பெடலைக் கையால் பிடித்து, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் மெதுவாக அழுத்தி, மெதுவாக விடுங்கள். ஒவ்வொரு தடவை விடும்போதும் டப்பாவின் அடியில் இருக்கும் துளையில் இருந்து சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி வருவதைப் பார்க்கலாம். அவை நிற்கும்வரை தொடருங்கள். முழு அழுத்தம் கொடுத்தால் அந்தத் துளையில் இருந்து ஆயில் பீறிட்டு முகத்தில் அடிக்கும், கண்ணாடி போடச் சொன்னது இதற்குத்தான்.

குமிழி நின்றதும் பாஞ்சோவைச் சுற்றித் துணி சுற்றிக்கொண்டு, ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் போல்டைக் கால் சுற்று இளக்கி உடனே இறுக்க வேண்டும். உஸ்ஸென்று சத்தம் வந்தால் ஏர் போனது என்று அர்த்தம். இறுக்கிய பிறகுதான் பெடலை விட வேண்டும். இரண்டு மூன்று தடவை போதும், கடைசியில் மீண்டும் டார்க்கில் இறுக்குங்கள்.

## 9. பெடல் முறையில் ஏர் எடுத்தல்

கீழிருந்து நிரப்பியவருக்கும் இந்தப் படி உண்டு. நிப்பிள் வழியாக நுழைந்த ஆயில் காலிபரை நிரப்பிவிட்டு ஓஸ் வழியே போகும்போது, நிப்பிளுக்கு நேர் அடியில் சின்ன ஏர்ப் பை ஒன்றை விட்டுவிட்டுப் போகும். அது நிப்பிள் வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

டியூபை நிப்பிளில் மாட்டி, நிப்பிளை விட்டு மேலே ஒரு வளைவு ஏற்றி, மறுமுனையைப் பாட்டிலில் இருக்கும் ஆயிலில் மூழ்க வையுங்கள். டியூபில் வந்த ஏர் அந்த மேல் வளைவிலேயே நிற்கும், திரும்பிக் காலிபருக்குள் போகாது.

வரிசை இதுதான்: அழுத்து, பிடி, திற, மூடு, விடு. பெடலை மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறங்கள், பெடல் கீழே இறங்கும், ஆயில் வரும். பெடல் அடியைத் தொடும் முன்பே நிப்பிளை மூடுங்கள். மூடியாகிவிட்டது என்று உறுதியான பிறகு பெடலை மெதுவாக விட்டு, மூன்று நொடி காத்திருந்து, மறுபடி.

புதியவர்கள் தடுமாறுவது கடைசி இரண்டில்தான். இரண்டு பேர் செய்யும்போது பெடலில் இருப்பவர் கால் வலியில் ஒரு கணம் முன்னால் விட்டுவிடுவார், அந்த ஒரு கணத்தில் நிப்பிள் மரை வழியாக ஏர் உள்ளே போய்விடும், இருபது தடவை செய்த வேலை வீண். அதனால் பேசிக்கொண்டே செய்யுங்கள். ஸ்பானர் கையில் இருப்பவர் "மூடிட்டேன், விடு" என்று சொல்லாமல் பெடலை விடக் கூடாது. கால் வேண்டாம், கையால் அழுத்துவதே நல்லது, எவ்வளவு இறங்குகிறது என்பது கைக்குத் தெரியும்.

பெடலுக்கு அடியில் ஒரு மரத் துண்டு வைத்து, அது முழுதாக அடிக்குப் போகாதபடி தடுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருவும் கசடும் இருக்கும், கப் அங்கே போய் உரசினால் கிழியும்.

நான்கைந்து அழுத்தத்துக்கு ஒரு தடவை டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள். முன் பிரேக்கில் செய்து பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள், பின் டப்பா சீக்கிரம் காலியாகிவிடும். ஒரு தடவை காலியானால் ஏர் இழுத்துக்கொள்ளும், 8ஆம் படிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

டியூபில் முதலில் நீளமான ஏர்த் துண்டுகள் வரும், பிறகு தனித்தனிக் குமிழிகள், பிறகு வெள்ளையாகப் பொடி நுரை, கடைசியில் சுத்த ஆயில். பழைய ஆயில் டிகாஷன் நிறத்தில் வரும், தெளிந்த மஞ்சளாக மாறும்வரை விடாதீர்கள். சுத்தமான பிறகும் ஐந்தாறு தடவை கூடுதலாகச் செய்யுங்கள், நடுவில் காலிபரை மர அல்லது ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் சுவரில் ஒட்டியிருக்கும் குமிழிகள் கிளம்பும்.

சிலர் நிப்பிள் பக்கம் சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பார்கள். பழைய ஆயிலை மாற்ற அது வேகமான வழிதான், ஆனால் உறிஞ்சும்போது நிப்பிள் மரை வழியாக வெளிக் காற்றும் வரும், குமிழி நிற்கவே நிற்காது, லைனில் ஏர் இருக்கிறது என்று நினைத்துப் பாட்டில் பாட்டிலாக ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். கடைசிச் சுற்று எப்போதும் பெடலால்தான்.

## 10. இன்னும் பெடல் கெட்டியாகவில்லை என்றால்

வேகமாக இரண்டு மூன்று தடவை மிதித்தால் கெட்டியாகிறது, விட்டுவிட்டு மிதித்தால் மறுபடி இறங்குகிறது: ஏர் இன்னும் இருக்கிறது, இல்லையென்றால் பிஸ்டன் பேடுக்கு இன்னும் நெருங்கி வரவில்லை. காலிபர் கழற்றியிருந்தால் மாட்டிவிட்டு, பேட் டிஸ்க்கைத் தொடும்வரை மிதித்துவிட்டு, டப்பாவை நிரப்பி மறுபடி பாருங்கள்.

அழுத்திப் பிடித்தால் பெடல் மெதுவாக இறங்கிக்கொண்டே போகிறது: இது ஏர் கிடையாது. எங்காவது கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கப் ஆயிலைத் திருப்பி விடுகிறது. எவ்வளவு ஏர் எடுத்தாலும் தீராது, கிட் மாற்ற வேண்டும்.

குமிழியே இல்லை, கசிவும் இல்லை, ஆனாலும் மெத்தென்று இருக்கிறது: ஓஸின் வளைவில் ஏர் நிற்கலாம். ஓஸின் கிளிப்புகளைக் கழற்றி, மாஸ்டர் சிலிண்டரில் இருந்து காலிபர்வரை ஏறிக்கொண்டே போகும்படி ஓஸைப் பிடித்துக்கொண்டு, காலிபரை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி 9ஆம் படியைச் செய்யுங்கள். பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும். பழைய ரப்பர் ஓஸ் என்றால் பெடலை மிதிக்கும்போது கையால் பிடித்துப் பாருங்கள், உப்புவது தெரிந்தால் ஓஸுக்கு ஆயுள் முடிந்தது.

பெடலை இரவு முழுவதும் கட்டி வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. கடைசியாக மிச்சம் இருக்கும் பொடிக் குமிழிக்கு அது சில சமயம் உதவுகிறது, கசிவு இருந்தால் காலையில் காட்டியும் கொடுக்கிறது. ஆனால் மேலே சொன்ன படிகளுக்கு அது மாற்று இல்லை.

## 11. மூடுவதும் பெடல் இடைவெளியும்

நிப்பிளை மிதமாக இறுக்குங்கள், ஆள் பலம் காட்டும் இடம் இல்லை இது. அதன் துளைக்குள் இருக்கும் ஆயிலைத் துணி முனையால் உறிஞ்சி எடுத்துவிட்டு ரப்பர் மூடியைப் போடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு அந்த ஆயில் வழிந்து கசிவு என்று பயம் காட்டும்.

காலிபரைக் கழற்றியிருந்தால் மரத் துண்டை எடுத்துவிட்டு அதையும், டப்பாவையும் பழைய இடத்தில் மாட்டி, பேட் டிஸ்க்கைத் தொடும்வரை மிதித்துவிட்டு, வண்டி நேராக நிற்கும்போது மேக்ஸ் கோட்டுக்குச் சற்றுக் கீழே அளவு இருக்கட்டும், விளிம்பு வரை வேண்டாம். சூட்டில் ஆயில் விரிய இடம் வேண்டும். டயாஃப்ரம் கீழே இழுத்து நீண்டிருந்தால் மடித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள்.

பெடல் உயரத்தை மாற்றுவதற்காகத் தண்டைத் திருகியிருந்தால் மிகக் கவனம். பெடலை விட்டதும் பிஸ்டன் முழுதாகத் திரும்பி, தண்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் டப்பாவுக்குப் போகும் துளை மூடியே இருக்கும். பேட் உரசிச் சூடேறி ஆயில் விரிந்ததும் அது திரும்பிப் போக வழியில்லாமல் பிரேக் தானாகப் பிடிக்கத் தொடங்கும், ஜி.எஸ்.டி. ரோட்டில் நல்ல வேகத்தில் போகும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரேக் லைட் ஸ்விட்சையும் இப்போதே சரி பாருங்கள்.

## 12. ரோட்டில் இறக்கும் முன்

பெடலைப் பலமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், இறங்கக் கூடாது. அழுத்திய நிலையிலேயே இரண்டு பாஞ்சோ, நிப்பிள், டப்பா ஓஸ் எல்லாவற்றிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள், துளி ஈரம் பட்டாலும் தெரியும். விட்டதும் பின் சக்கரம் கையால் சுழற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். பேடில் ஆயில் பட்டிருந்தால் எரித்தோ தேய்த்தோ காப்பாற்றப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். ஊறிய ஆயில் சூடேறும்போது மறுபடி கசிந்து வெளியே வரும்.

வண்டியை முதலில் பார்க்கிங்குக்குள் தள்ளிக்கொண்டே பின் பிரேக்கை மட்டும் அழுத்திப் பாருங்கள், அப்புறம் ஆளில்லாத உள் தெருவில் 20 கி.மீ. வேகத்தில். ஏபிஎஸ் விளக்கு வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அன்றைக்கே ஏலகிரிக்குக் கிளம்பாதீர்கள். அங்கே 14 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது பின் பிரேக்கை அழுத்திக்கொண்டே வருபவர்தான் அதிகம். ஏரோ ஈரம் ஏறிய ஆயிலோ உள்ளே இருந்தால் அந்தச் சூட்டில்தான் ஏர் விரிந்தோ ஈரம் ஆவியாகியோ பெடல் காலுக்கடியில் காணாமல் போகும். கொல்லிமலையின் 70 வளைவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டி, தினமும் காலையில் கிளம்பும் முன் பெடலையும் டப்பா அளவையும் பார்த்துவிட்டு அப்புறம் வெளியூர் போகலாம்.

பெரும்பாலான மேனுவல்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சொல்கின்றன, கடற்காற்றுப் படும் வண்டிக்கு நான் அதைத் தள்ளிப்போடவே மாட்டேன். மாற்றிய தேதியை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி டப்பா மேல் ஒட்டுங்கள்.

பழைய ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். பாட்டிலை இறுக மூடி, என்ன இருக்கிறது என்று மேலே எழுதி, கழிவு ஆயில் சேர்க்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நாள்கூட வைக்க வேண்டாம். மிச்சமான புது ஆயிலை அடுத்த சில நாளில் முன் பிரேக்குக்குப் பயன்படுத்த முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதையும் அந்தப் பாட்டிலிலேயே சேர்த்துவிடுங்கள்.